வரப்பில் இரண்டு கீழாநெல்லி: சத்து ஒன்றுதானா?

கேள்வி (திருவையாறு): குறுவைக்கு வரப்பு வெட்டும்போது இரண்டு விதமான கீழாநெல்லி பார்த்தேன். ஒன்றில் காய் வழவழப்பாக, சின்னக் காம்போடு தொங்குகிறது. மற்றதில் தண்டு சிவப்பு. சொரசொரப்பான காய் காம்பே இல்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அம்மா இரண்டையும் சேர்த்தே மோரில் அரைத்துத் தருவார். சரிதானா?

பதில் (மன்னார்குடி): இரண்டும் வேறுங்க. முதலாவதின் தாவரவியல் பெயர் ஃபில்லாந்தஸ் அமாரஸ். அதன் இலையில் ஃபில்லாந்தின், ஹைப்போஃபில்லாந்தின் என்ற லிக்னான்கள் (செடிகளில் இயற்கையாக இருக்கும் ஒருவகை வேதிப்பொருள்) உண்டு. நாக்கில் நிற்கும் கசப்பு ஃபில்லாந்தினுடையது. சிவப்புத்தண்டு ஃபில்லாந்தஸ் யூரினேரியா. அதில் ஃபில்லாந்தின் மிகமிகக் குறைவு. கொரிலாஜின் மாதிரி டானின்கள் (துவர்ப்புப் பொருள்கள்) இரண்டிலும் இருக்கும்.

பதில் (கும்பகோணம்): காய்ந்த கட்டாக வாங்கினால் இலை உதிர்ந்திருக்கும், காயைத்தான் பார்க்கணும். அப்புறம், காமாலை என்றால் முதலில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

திருவையாறு: நன்றி. நாளைக்கே அம்மாவிடம் இரண்டு காயையும் காட்டுகிறேன்.