பழைய பேக்பைப் குழுப் படம்: எங்கிருந்து தேடத் தொடங்குவது?

கேள்வி:
என் மருமகள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவைச் சேர்ந்தவர். அவருடைய கொள்ளுத்தாத்தா பேக்பைப் (காற்றுப் பையுடன் கூடிய ஊதுகருவி) குழு ஒன்றில் நிற்கும் பழுப்பேறிய படம் எங்களிடம் இருக்கிறது. பின்புறம் பெயரோ ஆண்டோ எழுதப்படவில்லை. அவர்கள் அணிந்திருக்கும் கில்ட் என்ற பாவாடை போன்ற உடையின் கட்டங்களைக் கொண்டே குழுவைக் கண்டறிய முடியுமா?

பதில் 1:
கட்டங்களை மட்டும் நம்ப வேண்டாம். நிறம் தெரியாது என்பது ஒருபுறமிருக்க, ஒரே டார்டனை (கட்டங்களின் வடிவமைப்பை)ப் பல குழுக்கள் அணிந்ததுண்டு. பெரிய முரசின் முகத்தை உருப்பெருக்கியால் பாருங்கள். குழுவின் பெயர் பெரும்பாலும் அங்கேதான் தீட்டப்பட்டிருக்கும். அடுத்தது தொப்பிச் சின்னம். சீருடையைக் கண்டதும் இராணுவம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்; கிளாஸ்கோவை ஒட்டிய கோவன் நகரின் காவல்துறையினர் 1883ஆம் ஆண்டிலேயே குழு அமைத்தனர், சுரங்கத் தொழிலாளர்களிடமும் குழுக்கள் இருந்தன.

பதில் 2:
படம் ஒட்டப்பட்ட அட்டையின் ஓரத்தில் ஸ்டூடியோவின் பெயரும் தெருவும் அச்சிடப்பட்டிருந்தால், ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் வைத்திருக்கும் பழைய அஞ்சல் முகவரிக் கையேடுகளில், அந்த ஸ்டூடியோ எந்த ஆண்டுகளில் அங்கு இயங்கியது என்று பார்க்கலாம். நேரமிருந்தால், 1840களில் ஹில், ஆடம்சன் என்ற ஆரம்பகால ஸ்காட்லாந்து ஒளிப்படக் கலைஞர்கள் எடுத்த, எடின்பரோ அருகிலுள்ள நியூஹேவன் மீனவப் பெண்களின் படங்களையும் பாருங்கள். கோடிட்ட பாவாடையும் பிரம்புக் கூடையும் அவ்வளவு தெளிவு.

பதில் 3:
ஆகஸ்டில் கிளாஸ்கோ கிரீன் திடலில் நடக்கும் பேக்பைப் குழுக்களின் உலகப் போட்டிக்குப் படத்தின் நகலுடன் செல்லுங்கள். மூத்த கலைஞர்கள் ஆர்வமாகப் பார்ப்பார்கள். கருவியின் மூன்று சுருதிக் குழாய்களும் ஒன்றுசேர்ந்து ஒலிக்கையில், நாகசுவரத்துக்கு ஒத்து ஊதுவதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.