கோத்தகிரிக் கொட்டகையில் கிடந்த பி.எஸ்.ஏ. பி31

நண்பர்களுக்கு வணக்கம். பழைய வண்டிகளை மீட்ட அனுபவங்களை ஒவ்வொருவராக எழுதி வருவதைப் படித்ததும், மூன்று ஆண்டுகளாக என்னிடம் இருக்கும் பி.எஸ்.ஏ. பி31 மோட்டார் சைக்கிள் பற்றி நானும் எழுத விரும்பினேன். கோத்தகிரிக்கு அருகே ஒரு படுகர் ஹட்டியில் (சிற்றூரில்), பச்சைத் தேயிலை எடைபோடும் கொட்டகையின் பின்பக்கம், உரச் சாக்குகளுக்கு அடியில் அது சாய்ந்து கிடந்தது. "தாத்தா ஓட்டின வண்டிண்ணா. இரும்புக் கடைக்குப் போட மனசு வரல. ஓட வைப்பீங்கன்னா எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார் அவ்வீட்டுப் பேரன்.

பிர்மிங்காமில் இருந்த பி.எஸ்.ஏ. தொழிற்சாலை, இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் 1945ஆம் ஆண்டு அறிமுகப்படுத்தி 1959 வரை தயாரித்த மாடல் இது, 71 மி.மீ. விட்டம், 88 மி.மீ. ஸ்ட்ரோக், 348 சி.சி. கொண்ட ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின். என் கைக்கு வந்த வண்டியிலோ முன் சக்கரமும் கார்புரேட்டரும் புல்லட்டுடையவை, இருக்கை ஜாவாவுடையது, மட்கார்டு உள்ளூரில் தகரம் தட்டிச் செய்தது. சிலிண்டரைக் கழற்றியபோது உள்ளே லைனர் (உட்குழல்) இறக்கி, 70 மி.மீ. புல்லட் பிஸ்டன் போட்டிருந்தார்கள். சீமைச் சாமான் எளிதில் கிடைக்காத காலத்தில், வண்டி நின்றுவிடக்கூடாது என்பதற்காக யாரோ ஒரு மெக்கானிக் யோசித்துச் செய்த நேர்த்தியான வேலை அது; அதை நான் குறையாக நினைக்கவில்லை. பொருந்தாத பாகம் என்பதற்காகவே ஒன்றைக் கழற்றி எறிவது சரியல்ல, அது வண்டிக்குத் தீங்கு செய்கிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பதே என் கருத்து.

உண்மையான தீங்கு போல்ட்டுகளில் இருந்தது. அக்காலத்துப் பிரிட்டிஷ் வண்டிகளில் 5/16 அங்குலப் போல்ட் ஒன்றுக்கு, அது இருக்கும் இடத்தைப் பொறுத்து, அங்குலத்திற்கு 26 மரை கொண்ட சைக்கிள் மரையோ 22 மரை கொண்ட பி.எஸ்.எஃப். (பிரிட்டிஷ் ஸ்டாண்டர்ட் ஃபைன்) மரையோ இருக்கும். இன்று கடையில் கிடைக்கும் 8 மி.மீ. போல்ட்டின் தடிமன் ஏறத்தாழ அதே அளவுதான் என்றாலும், மரையின் இடைவெளி 1.25 மி.மீ., அதாவது அங்குலத்திற்கு இருபதுக்குச் சற்று மேல். முதல் இரண்டு சுற்று கையாலேயே இறங்கும், மூன்றாவது சுற்றில் இறுகும். அப்போது ஸ்பேனரைப் போட்டு வலிப்பவர் அலுமினிய மரையை அடியோடு வழித்து எடுத்துவிடுகிறார். என் எஞ்சினில் முன்பு கை வைத்த ஒருவர் ஐந்து இடங்களில் இப்படிச் செய்திருந்தார். குன்னூரில் எனக்குத் தெரிந்த லேத்துக்காரப் பெரியவர், கழற்றிய போல்ட்டையும் சரியான போல்ட்டையும் மரையோடு மரை சேர்த்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துக் காட்டினார். தொடக்கத்தில் ஒட்டியிருந்த இரண்டும் போகப் போக விலகி, நடுவே வெளிச்சம் கோடு கோடாகத் தெரிந்தது. "இந்த வெளிச்சம் தெரிஞ்சா பூட்டாதீங்க தம்பி, அவ்வளவுதான்" என்றார். அந்த ஐந்து துளைகளையும் பெரிதாக்கி, வெண்கலப் புஷ் கடைந்து இறக்கி, உள்ளே பழைய மரையையே வெட்டிக் கொடுத்தார். மரை இடைவெளியை அளக்கும் ஒரு திரெட் கேஜ் வாங்கி வைத்துக்கொள்ளாமல் இத்தகைய வண்டியில் கை வைக்க வேண்டாம் என்று அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வேறாக இருப்பதைக் கண்டு, இது இரண்டு வண்டிகளைச் சேர்த்துக் கட்டியது என்று ஒரு நண்பர் சந்தேகப்பட்டார். இந்த மாடலில் தொழிற்சாலையிலேயே இரண்டும் வேறு வேறாகத்தான் பொறிக்கப்பட்டன, ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதோடு பொருந்துகிறதா என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

அடுத்து, பிளக்கில் தீப்பொறி எழ மின்சாரம் தரும் லூகாஸ் மேக்னெட்டோ. காலைக் குளிரில் இரண்டே கிக்கில் எழும் வண்டி, தொட்டபெட்டா ஏற்றத்தில் பாதி தூரம் போனதும் நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறினால் ஒன்றும் நடவாததுபோல் மீண்டும் ஓடும். பெட்ரோல் அடைப்பு என்றே எல்லோரும் சொன்னதால், டேங்கையும் குழாயையும் நான்கு முறை சுத்தம் செய்தேன். கடைசியில் மேக்னெட்டோவைத் திறந்தபோது, உள்ளே சுழலும் ஆர்மேச்சரின் கம்பிச் சுருளின் மேல் பூசியிருந்த பழைய அரக்கு வார்னிஷ் சூட்டில் இளகி, உள்சுவரில் பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. ஆர்மேச்சருக்குள் புதைந்திருக்கும் கண்டென்சரும் சூடேறினால் மின்சாரத்தைக் கசியவிட்டது. கோவையில் காயில் கட்டும் ஒருவர் சுருளைப் புதிதாகச் சுற்றி, கண்டென்சரையும் மாற்றித் தந்த பிறகு அந்தத் தொல்லை இல்லை.

இந்த எஞ்சினுக்கு எண்ணெய் தனி டேங்கில் இருப்பதால், நீண்ட நாள் நின்ற வண்டியில் அது பம்பு வழியாகக் கசிந்து கிராங்க் கேஸுக்குள் இறங்கிவிடும். அங்கிருந்து எண்ணெயைத் திருப்பி அனுப்பும் குழாயின் நுனியில் ஒரு சிறு குண்டு வால்வு உண்டு. அது ஒட்டிக்கொண்டால் எண்ணெய் திரும்பாது. அடித்தட்டைக் கழற்றி, மெல்லிய கம்பியால் குண்டைத் தட்டிப் பார்த்துவிட்டே முதல் கிக் அடிக்க வேண்டும்.

சென்னைப் புதுப்பேட்டையில் தேடி ஓர் அமால் 276 கார்புரேட்டர் வாங்கினேன். அதில் 150 எண் கொண்ட மெயின் ஜெட் (பெட்ரோல் பாயும் துளைத் திருகு; எண் கூடினால் பெட்ரோலும் கூடும்) இருந்தது. சுமார் 2,240 மீட்டர் உயரமுள்ள ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான் என்பதால், அந்த ஜெட்டில் பெட்ரோல் மிஞ்சி, பிளக்கில் கரி மண்டியது. 140 போட்ட பிறகு பிளக் பழுப்பு நிறத்துக்கு வந்தது, வண்டி ஏற்றத்தில் திணறுவதும் நின்றது.

பிஸ்டனை 71 மி.மீ. அளவுக்கே திருப்பிவிட்டேன், லைனர் தளர்ந்திருந்ததுதான் காரணம். புல்லட் முன் சக்கரத்தை மட்டும் மாற்றவில்லை. அதிலுள்ள இரட்டை லீடிங் ஷூ பிரேக், இந்த மாடலின் பழைய ஒற்றை லீடிங் ஷூ பிரேக்கைவிட இறக்கத்தில் நன்றாகப் பிடிக்கிறது. வளைவுக்கு வளைவு பிரேக்கையே நம்பி இறங்க வேண்டிய நமக்கு அது பெரிய ஆறுதல். மாதம் ஒருமுறை அந்தப் பேரனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு குஞ்சப்பனை வழியாக மேட்டுப்பாளையம் இறங்குகிறேன். அங்கே நிறுத்தி, தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கும் 150 ஜெட்டை மாற்றிய பிறகே கோவைச் சாலையில் ஏறுவது வழக்கம்.