சொல் தேவை: எல்லாரும் ஒரே நேரத்தில் ஆடும் ‘டர்ன்’

மடல் 1
மதுரை, பள்ளி ஆசிரியை

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பத்தாம் வகுப்பு வரலாற்றில் முதல் பாடமே முதல் உலகப்போர். கூட்டணிகளைக் கரும்பலகையில் எத்தனை தடவை எழுதிப்போட்டாலும் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்களே தவிர, அந்த நாடுகள் ஏன் ஒன்றையொன்று நம்பாமல் போயின என்பது மனதில் ஏறவில்லை. அதனால் டிப்ளமசி என்ற பலகை ஆட்டத்தை வகுப்பில் ஆடவைக்கிறேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: 1901இல் தொடங்கும் ஐரோப்பிய வரைபடம், ஏழு வல்லரசுகள், 34 வழங்கல் மையங்கள். 18 மையங்களைப் பிடித்த நாடு வென்றது. பகடை கிடையாது. பேசிப் பேசித்தான் எல்லாம்.

விதிகளை இரண்டு பக்கத் தமிழில் சுருக்கிவிட்டேன். திங்கள் காலை நகலெடுக்கக் கொடுக்க வேண்டும். ‘டர்ன்’ என்பதற்குத்தான் சொல் சிக்கவில்லை. முதலில் ‘முறை’ என்று எழுதினேன். போன வெள்ளிக்கிழமை வெள்ளோட்டம் பார்த்தபோது துருக்கிக் குழுவில் ஆறு பேரும் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். ‘ஏம்ப்பா, எழுதலையா?’ என்றால், ‘எங்க முறை இன்னும் வரலையே டீச்சர்’ என்கிறார்கள். ஏழு நாடும் ஒரே நேரத்தில், ஒருவருக்கொருவர் தெரியாமல் கட்டளை எழுதி, எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்து படிப்பதுதான் இந்த ஆட்டத்தின் உயிர். நான் போட்ட சொல்லே அதைக் கெடுத்துவிட்டது.

ஆட்டத்தை நடத்துபவருக்கும் ஒரு சொல் தந்தால் நல்லது. இப்போதைக்கு ‘நடுவர்’ என்று போட்டிருக்கிறேன்.

மடல் 2
சென்னை, மென்பொருள் மொழிபெயர்ப்பாளர்

‘சுற்று’ என்று போடுங்கள் அம்மா. வினாடி வினாவில் முதல் சுற்று, இரண்டாம் சுற்று என்று பிள்ளைகளுக்குப் பழக்கம். விளக்கமே தேவைப்படாது.

மடல் 3
திருநெல்வேலி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

ஆசிரியை கண்ட குறை சரியானது. ‘முறை’ என்றாலே ஒன்றன்பின் ஒன்று. தாமிரபரணிக் கால்வாயில் முறைவைத்துத் தண்ணீர் விடும்போது மேல்வயலுக்கு மடை திறந்தால் கீழ்வயல்காரர் காத்திருப்பார். துருக்கிப் பிள்ளைகள் செய்தது அதைத்தான். தமிழைச் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

நான் கேட்பது இதுதான். இந்த ஆட்டத்தில் ஓர் ஆண்டுக்கு இரண்டு படையெடுப்பு, வசந்தத்தில் ஒன்று, இலையுதிர்காலத்தில் ஒன்று என்று படித்தேன். நம்மிடம் இதற்கு ஆயத்தமாகவே சொல் இருக்கிறது. தொல்காப்பியப் புறத்திணையியலில் வாகைத் திணையைப் பாருங்கள்: ‘கூதிர் வேனில் என்றிரு பாசறை’. வேனிற்பாசறை, கூதிர்ப்பாசறை. அரசன் பருவம் பார்த்துப் போர்க்களத்தில் தங்கியிருப்பது. ஆண்டுக்கு இரண்டு, வேனிலில் ஒன்று, ஐப்பசி கார்த்திகையான கூதிரில் ஒன்று. இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்? ‘டர்ன்’ என்பதற்குப் ‘பாசறை’ என்றே சொல்லலாம். ‘1902 கூதிர்ப்பாசறையில் இத்தாலி வியன்னாவைப் பிடித்தது’ என்று சொல்லிப் பாருங்கள்.

காய்களுக்கு என்ன சொல் வைத்திருக்கிறீர்கள்? வல்லு என்ற பழைய ஆட்டத்தில் காய்க்கு ‘நாய்’ என்றுதான் பெயர். ‘நாயும் பலகையும் வரூஉம் காலை’ என்று தொல்காப்பியப் புள்ளிமயங்கியலில் புணர்ச்சி விதியே இருக்கிறது: வல்லநாய், வல்லப்பலகை. புறநானூறு 52இல் நரைத்த முதியவர்கள் நாய் வைத்து வைத்துக் குழிந்துபோன வல்லாட்டக் குழிகளில் காட்டுக்கோழி முட்டையிடுகிறது. யாருடைய ஊரில்? பகைத்த வேந்தரின் ஊரில். நாடு காடாகிப்போனதைச் சொல்ல, மன்றத்தில் ஆள் இல்லாத ஆட்டக் குழியைக் காட்டுகிறார் மருதன் இளநாகனார். நாடு பிடிக்கும் ஆட்டத்தைத் தமிழில் ஆடப்போகும் பிள்ளைகளுக்கு இந்தப் பாட்டை ஒரு தடவையாவது வாசித்துக் காட்டுங்கள்.

மடல் 4
மதுரை, ஆசிரியை

ஐயா, பாட்டைக் கட்டாயம் வாசிப்பேன். காய்களுக்குப் ‘படை’, ‘கலம்’ என்று வைத்துவிட்டேன். ‘இரண்டு நாய் பர்கண்டிக்குப் போகிறது’ என்றால் அந்தப் பாடவேளை அதோடு போய்விடும்.

‘பாசறை’ பிடித்திருக்கிறது. ஆனால் குளிர்காலத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் உண்டு. பிடித்த மையங்களை எண்ணி, அதற்கேற்பப் படையைக் கூட்டவோ கலைக்கவோ வேண்டும். அது பாசறை ஆகாதே. ‘பருவம்’ என்று யோசித்தேன். பள்ளிக்கூடத்தில் முதல் பருவம், இரண்டாம் பருவம் என்றால் தேர்வு. அதுவும் ஆகாது.

மடல் 5
யாழ்ப்பாணம், வரலாற்று மாணவி

அக்கா, ‘தவணை’ சரிவருமா? கெடு வைத்து, அதற்குள் எழுதித் தரவேண்டும் என்ற கருத்து அதில் இருக்கு. ஆனால் எங்கட பாடசாலையில் தவணை என்றால் உங்கட பருவம்தான், முதலாம் தவணைப் பரீட்சை. அங்கே பருவம் இடித்த மாதிரி இங்கே தவணை இடிக்கும்.

‘நடுவர்’ எங்களுக்கும் விளங்கும். ஆனால் உதைபந்தாட்டத்தில் விசில் ஊதுகிறவரை மத்தியஸ்தர் என்றும் சொல்லுவோம். சண்டை பிடிக்கிற இரண்டு பேரைச் சமாதானமாக்குகிறதுக்கு மத்தியஸ்த சபை என்று ஒன்றும் இருக்கு. உங்கட ஆட்டத்தில் அந்த ஆள் சமாதானம் பேசுவாரா?

மடல் 6
கோயம்புத்தூர்

எல்லாரும் ஏட்டைப் புரட்டுகிறோம். தெருவில் ஆடும் பிள்ளைகள் வாயில் சொல் இருக்கிறது: ‘ஆட்டை’. ‘ஆட்டையக் கலைக்காத’, ‘அடுத்த ஆட்டை போடலாம்’. பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கவே வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது. ஆட்டை என்றால் ஆண்டு. கல்வெட்டுகளில் ‘ஆட்டைத் திருவிழா’ வருகிறது. டிப்ளமசியில் ஆண்டுக்கணக்கில்தான் ஆட்டம் நகர்கிறது. ஆட்டமும் ஆண்டும் ஒரே சொல்லில் வந்து நிற்பது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. நெடுநல்வாடையில் ‘திண்ணிலை மருப்பின் ஆடு தலையாக’ ஞாயிறு வானத்தைச் சுற்றி வருகிறது. ஆடு, அதாவது மேட ராசி, முதலாகத் தொடங்குவதால் ஆண்டு. ஆடுவது என்றால் அசைவது, ஞாயிற்றின் அசைவே ஆண்டு. ஆடு, ஆட்டம், ஆட்டை, ஆண்டு எல்லாம் ஒரே வேர். அப்படியானால் ‘ஆட்டை’ என்பது காலத்தையும் ஆட்டத்தையும் சேர்த்தே சொல்லும். வேறு எந்த மொழியில் இப்படி வாய்க்கும்?

மடல் 7
திருநெல்வேலி, தமிழாசிரியர்

கோவை நண்பருக்கு. ஆர்வம் புரிகிறது, இலக்கணம் இடம் தராது. நன்னூலில் ‘ஐயீற்றுடைக் குற்றுகரமும் உளவே’ என்ற நூற்பாவைப் பாருங்கள். இன்று என்பது இற்றை ஆகிறது, பண்டு பண்டை ஆகிறது, அதே வழியில் ஆண்டு ஆட்டை ஆகிறது. உங்கள் தெருப்பிள்ளைகளின் ஆட்டை ‘ஆடு’ என்ற வினையில் டகரம் இரட்டித்து வந்தது. இரண்டு பாதைகள் ஒரே வீட்டு வாசலில் முடிகின்றன. அதனால் இரண்டும் ஒரே ஊரிலிருந்து புறப்பட்டன என்று ஆகிவிடாது. மேட ராசிக் கதையை நானும் இளமையில் நம்பினேன்.

மடல் 8
கோயம்புத்தூர்

ஐயா, வடிவத்துக்கு நீங்கள் சொல்லும் விதி சரி. ‘ஆண்டு’ என்ற சொல் எங்கிருந்து வந்தது என்பதற்கு அது பதில் இல்லையே. அதைத் தனி இழையில் பேசலாம், நான் விடுவதாக இல்லை.

மடல் 9
புதுச்சேரி

இந்த வகை ஆட்டங்களைக் கல்லூரிக் காலத்தில் மின்னஞ்சலில் நான்கு ஆண்டுகள் நடத்தியவன் நான். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

ஆலன் கால்ஹாமர் இந்த ஆட்டத்தை 1954இல் உருவாக்கினார். வெளியிட நிறுவனம் கிடைக்காமல் 1959இல் தன் சொந்தச் செலவில் 500 பிரதி போட்டார். 1963இலேயே அமெரிக்காவில் தபால்வழி ஆடத் தொடங்கிவிட்டார்கள். ஏழு பேரும் ஏழு ஊரிலிருந்து கட்டளையை எழுதி ஒருவருக்கு அனுப்புவார்கள், அவர் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து முடிவை அச்சிட்டு அனுப்புவார். கால்ஹாமர் பிற்காலத்தில் தபால்காரராகவே வேலை பார்த்தவர். என் மனதுக்கு மிகவும் நெருக்கமான செய்தி அது.

அந்த ஒருவருக்கு என்ன வேலை? ஓர் உதாரணம். பிரான்சின் சீட்டில் ‘படை பாரிசு, பர்கண்டிக்கு’ என்று இருக்கிறது. ஜெர்மனியின் சீட்டில் ‘படை மியூனிக், பர்கண்டிக்கு’. வலிமை சமம், அதனால் இரண்டும் நுழைய முடியாமல் இருந்த இடத்திலேயே நிற்கும். அதே பிரான்சுச் சீட்டில் இரண்டாவது வரியாக ‘படை மார்செய், பாரிசுப் படைக்குத் துணை’ என்று இருந்தால் இரண்டுக்கு ஒன்று, பிரான்சு உள்ளே போய்விடும். இதில் நடத்துபவர் சொந்தமாக முடிவுசெய்ய ஒன்றுமே இல்லை. சீட்டுகளைச் சேர்த்துப் படிக்கிறார், கூட்டிப் பார்க்கிறார், சொல்கிறார். யாழ்ப்பாணத் தங்கை கேட்டதற்கும் இதுதான் பதில். அவர் சமாதானம் பேசமாட்டார், பேசவும் கூடாது. ‘நடுவர்’ என்றால் பட்டிமன்ற நடுவர்போலத் தீர்ப்புச் சொல்பவர் என்ற நினைப்பு வரும். ஆனால் இதற்கு மேலான சொல் எனக்கும் கிடைக்கவில்லை. ‘நடத்துநர்’ என்றால் பேருந்தில் பயணச்சீட்டுக் கொடுப்பவர்தான் கண்ணில் நிற்கிறார்.

நான் ஒரு தவறு செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, இரண்டு பேரின் கட்டளை இன்னும் வராதபோது, ரஷ்யாவின் மடலைத் தவறுதலாக எல்லாருக்கும் அனுப்பிவிட்டேன். உடனே மன்னிப்புக் கேட்டேன். எந்த நாடும் அதைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்ளவில்லை என்று ஏழு பேரும் சொன்னார்கள். ஆனாலும் இரண்டு வாரத்தில் ஆட்டம் நின்றுவிட்டது. எழுதியது மூடியே இருக்கும், ஒன்றாகத்தான் திறக்கும் என்ற நம்பிக்கை போனபிறகு யாருக்கும் பேச்சுவார்த்தையில் மனம் ஒட்டவில்லை. அதனால்தான் ‘டர்ன்’ என்பதற்கு வரும் சொல் மூடிய சீட்டைச் சொல்லவேண்டும் என்று கேட்கிறேன்.

என் பரிந்துரை ‘ஓலை’. முதல் ஓலை, இரண்டாம் ஓலை, குளிர்கால ஓலை. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகனின் 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு குடவோலையை எப்படி எடுப்பது என்று விவரிக்கிறது. எல்லாரும் பார்க்கக் குடத்தைத் தூக்கிக் காட்டவேண்டும், விவரம் அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்கவேண்டும், மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் அதை வாங்கவேண்டும், வாங்கி எல்லாரும் கேட்க வாசிக்கவேண்டும். விரலை விரிக்கச் சொன்னார்கள் பாருங்கள், கைக்குள் வேறு ஓலை மறைந்திருக்கக் கூடாது என்பதற்கு. ஆட்டத்தை நடத்துபவர் செய்யவேண்டியது அதுவேதான்.

மடல் 10
சென்னை, மொழிபெயர்ப்பாளர்

மடல் அருமை, உத்திரமேரூரை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் இரண்டு மறுப்பு. குடவோலையில் பல ஓலையில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுக்கிறார்கள். இந்த ஆட்டத்தில் அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை, ஏழு சீட்டையும் திறக்கிறோம். உவமை பாதியில் நின்றுவிடுகிறது.

இரண்டாவது, ‘ஓலை’ என்பது பொருள், ‘டர்ன்’ என்பது காலம். ‘மூன்றாம் ஓலையில் ஆஸ்திரியா அழிந்தது’ என்றால் சீட்டுக்குள் அழிந்ததா, அந்த வேளையில் அழிந்ததா? நாளைக்கு இதே சொல்லைக் கணினி விளையாட்டுக்கும் போடவேண்டும். அங்கே ‘ஓலை முடிந்தது’ என்று பொத்தானில் எழுதினால் யாருக்கும் புரியாது. பேச்சில் ‘ஓலை வந்துடுச்சு’ என்றால் வேலை போய்விட்டது என்று அர்த்தம். நான் தூய தமிழுக்கு எதிரி இல்லை. ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளை ஒரு தடவை வாசித்ததும் எழுதத் தொடங்கவேண்டும். அது நடக்காவிட்டால் நேராக ‘டர்ன்’ என்றே எழுதலாம், அதில் ஒரு தப்பும் இல்லை.

மடல் 11
புதுச்சேரி

பொருளா காலமா என்ற மறுப்பு நியாயம். ‘டர்ன்’ என்றே எழுதலாம் என்பதை ஒப்பமாட்டேன். துருக்கிக் குழு காத்திருந்ததற்கு முறையும் டர்னும் ஒரே காரணத்தைத்தான் தரும். ‘என் டர்ன் எப்போ’ என்றுதானே அதே பிள்ளைகள் கேரம் பலகையில் கேட்கிறார்கள்?

மடல் 12
மதுரை, ஆசிரியை

ஞாயிறு இரவு பதினொன்றரை. இதற்கு மேல் காத்திருக்க வழியில்லை. ‘சுற்று’ என்றே எழுதிவிட்டேன், தனிமடலில் வந்த கருத்துகளும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். நடுவர் நடுவராகவே இருக்கிறார். ஆனால் கட்டளை எழுதும் தாளுக்கு ‘ஓலை’ என்று பெயர் வைத்துவிட்டேன். முதல் விதி இப்படி வருகிறது: ‘ஒவ்வொரு சுற்றிலும் ஏழு நாடுகளும் ஒரே நேரத்தில் ஓலை எழுதி, மடித்து, நடுவரிடம் தரவேண்டும். ஏழும் வந்த பிறகே எதையும் திறக்கலாம்.’ பழுப்பு உறை ஏழு வாங்கி, ஒவ்வொன்றிலும் நாட்டின் பெயரை எழுதி ஒட்டிவைத்திருக்கிறேன். எல்லாருக்கும் நன்றி.

மடல் 13
திருநெல்வேலி, தமிழாசிரியர்

அச்சுக்குப் போனதைத் தடுக்கவில்லை. என் மறுப்பை மட்டும் பதிந்துவைக்கிறேன். சுற்று என்பதும் ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு வட்டமாக வருவதுதான். பந்தியில் ‘இன்னொரு சுற்று சாம்பார்’ என்றால் இலைக்கு இலை வாளி நகரும். ‘ஒரே நேரத்தில்’ என்ற இரண்டு சொல்லை நீங்கள் விதியில் சேர்த்ததால்தான் அது தாங்குகிறது, தானாகத் தாங்கவில்லை. குளிர்காலக் கட்டத்துக்கு வேறு பெயர் வைத்தால் மற்ற இரண்டுக்கும் பாசறை பொருந்தும் என்பதில் இன்னும் மாறாமல் இருக்கிறேன். துருக்கிக் குழு நாளை என்ன செய்தது என்று ஒரு வரி எழுதுங்கள்.