அவசரம்: அடியில் நூல் கூடு கட்டுகிறது, போர்வை பாதியில் நிற்கிறது

நானுஓயாக்காரி
டிசெம்பர் 9, காலை 6.20

வணக்கம். அவசரம். தையல் மெஷினில் மேலே தையல் அழகாக விழுகிறது, திருப்பிப் பார்த்தால் அடியில் நூல் குருவிக்கூடு மாதிரி சுருண்டு கிடக்கிறது. நாலு அங்குலம் ஓடும், பிறகு கறக்கென்று பிடித்துக்கொள்ளும். ஒக்டோபர் வரை ஒரு பிரச்சினையும் இல்லை. துண்டுத்துணிப் போர்வையின் பன்னிரண்டு கட்டமும் முடிந்து, இணைத்தும் ஆயிற்று. மூன்று அடுக்கையும் சேர்த்து ஓட்டுவதுதான் மிச்சம். ஜனவரி முதல் வாரம் கொடுக்க வேண்டும். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

கொழுந்துக்கூடை (ஹட்டன்)
காலை 6.41

என்ன மெஷின் தங்கச்சி? என்ன ஊசி? நடுவில் என்ன வைத்திருக்கிறாய்? எதையுமே சொல்லவில்லையே.

பாபின் அண்ணா
காலை 6.55

பாபின் கூடுதான், அடி நூல் உருளையை வைக்கிற சின்ன டப்பி. சந்தேகமே வேண்டாம். பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், அதைக் கால் சுற்று இறுக்குங்கள். சரியா என்று பார்க்க, கூட்டை நூலில் தொங்கவிட்டு லேசாக ஒரு சுண்டு. கொஞ்சம் இறங்கி நின்றால் சரி. விறுவிறு என்று தரைவரை போனால் தளர்வு.

ஊசிமுனை
காலை 7.10

இதே கேள்வி இங்கே வராத மாதம் இல்லை. தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் கிடையாது. அடியில் கூடு கட்டினால் குற்றம் மேல் நூலில், மேலே கட்டினால் குற்றம் பாபினில். இது முதல் பாடம். பாபின் அண்ணா எல்லா நோய்க்கும் ஒரே குளிசை கொடுக்கிறார். ஸ்க்ரூவைத் தொடாதீர்கள், தொட்டால் இரண்டு பிரச்சினை ஆகிவிடும்.

பாபின் அண்ணா
காலை 7.14

முப்பது வருடமாக அந்த ஸ்க்ரூவைத்தான் தொடுகிறேன். மெஷின் இன்னும் ஓடுகிறது.

மணிக்கூண்டு (கோயம்புத்தூர்)
காலை 8.02

மேலே சிவப்பு நூல், பாபினில் வெள்ளை நூல் போட்டு ஒரு துண்டுத் துணியில் ஓட்டிப் பாருங்க. எந்த நூல் எங்கே எட்டிப் பார்க்கிறது என்று தெரிந்துவிடும். இன்னொன்று, நூல் கோக்கும்போது துணியை அழுத்தும் மெஷின் பாதம் தூக்கி இருந்ததா? பாதம் இறங்கி இருந்தால் மேல் நூலை இறுக்கும் டென்ஷன் தட்டு மூடியிருக்கும், நூல் நடுவில் உட்காராது.

நானுஓயாக்காரி
பகல் 12.35

எல்லாருக்கும் நன்றி. சாதாரண மெஷின்தான். மிதி மெஷின், கறுப்பு. பெயர் அழிந்துவிட்டது, அம்மாச்சியுடையது. ஊசி 14. நடுவில் பழைய ஃப்ளீஸ் போர்வை. பாதத்தைத் தூக்கித்தான் கோத்தேன். சிவப்பு நூல் வேலையைச் செய்தேன், அடியில் சிவப்பு வளையம் வளையமாகத் தொங்குகிறது. ஊசிமுனை ஐயா சொன்னது சரி, மேல் நூல்தான். ஆனால் டென்ஷனை எவ்வளவு திருகினாலும் ஒரு மாற்றமும் இல்லை.

துணியையும் சொல்லிவிடுகிறேன், பிறகு கேட்பீர்கள். இது இந்த வருடம் மாதத்துக்கு ஒரு கட்டம் என்று தொடங்கியது. ஜனவரியில் பொங்கல் சேலையின் முந்தானை ஓரம். பெப்ரவரியில் மகளின் பழைய வெள்ளைச் சீருடை. ஜூன், ஜூலை இரண்டும் மழையில் காயாமல் அடுப்படியில் கட்டிய கொடியில் காய்ந்தவை, இன்னும் புகை மணக்கிறது. மற்றதெல்லாம் ஹட்டன் சந்தையில் கிலோக் கணக்கில் வாங்கிய கார்மெண்ட் வெட்டுத்துண்டு. ஆகஸ்ட் கட்டம் பனியன் துணி. நடுவில் இடையிடையே இரண்டு பையும் நாலு தலையணை உறையும் தைத்தேன். எல்லாம் இதே மெஷினில்தான். போர்வை அண்ணிக்குப் பிறக்கப் போகிற பிள்ளைக்கு. மூன்றுக்கு நாலு கட்டம், ஒவ்வொன்றும் 12 அங்குலம், மொத்தம் 36க்கு 48.

ஊசிமுனை
பகல் 12.58

பனியன் துணியையும் நெய்த துணியையும் ஒரே போர்வையில் சேர்த்தது யார் சொல்லி? இழுபடுகிற துணியில் சாதாரண ஊசி தையலைத் தாண்டும். பந்துமுனை ஊசி வேண்டும். ஒரு வருடம் செலவழிக்கிறவர் ஒரு நாள் வாசித்திருக்கலாம்.

மணிக்கூண்டு
பகல் 1.20

அவர் தாண்டல் பற்றிக் கேட்கவே இல்லையே. கூடு கட்டுவது வேறு. ஆனால் ஆகஸ்ட் கட்டத்துக்கு அடியில் மெல்லிய பருத்தித் துணி ஒன்று வைத்துத் தைத்தால் இழுபடாது, அது நல்ல யோசனைதான்.

மழைக்காலம் (மஸ்கெலியா)
பகல் 1.45

தோல் பட்டியைப் பாருங்கள். பனிக்குத் தளர்ந்துவிடும், சக்கரம் வழுக்கும், மிதி ஒரு தாளத்தில் வராது. எனக்கு வருடா வருடம் வெட்டி, கம்பி மாட்டி இறுக்கும் வேலை. நூலையும் தகரப் பெட்டியில் வையுங்கள். இந்த ஊரில் ஈரம் குடித்தால் நூல் உப்பும்.

கொழுந்துக்கூடை
பகல் 2.30

தங்கச்சி, போர்வையைத் தரையில் விரித்து, உள்ளங்கை இடைவெளிக்கு ஒரு சேஃப்டி பின் குத்திக்கொள். நடுவில் இருந்து ஓரத்துக்கு ஓட்டு, ஓரத்திலிருந்து தொடங்காதே. பாதத்தின் அழுத்தம் கூடினால் மேல் துணி ஊர்ந்து சுருங்கும், மெஷின் தலைமேல் இருக்கும் ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்திக்கொள். தையல் நீளம் 3 மில்லிமீற்றர் போதும். மெஷின் சரியானால் இதெல்லாம் வேண்டும், அதனால் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

என் அப்பாயிக்கு இது எதுவும் கிடையாது. டிக்கோயாத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில், இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து, மாச் சாக்கைப் பிரித்துக் கழுவி, கிழிந்த கம்பளியை நடுவில் வைத்து, மேலே பழைய சேலையைப் போட்டுச் சாக்கு ஊசியால் தைக்கும். நூலும் அந்தச் சாக்கில் உருவியதுதான். சாக்கின் நீல எழுத்து எத்தனை தடவை கழுவினாலும் போகாது, படுத்தால் கன்னத்துக்குக் கீழே எழுத்து.

ஊசிமுனை
பகல் 2.51

அது கந்தல் போர்வை. குளிருக்குச் செய்தது. மதிக்கிறேன். ஆனால் குயில்ட் என்பது கலை: அளவு, வடிவம், மூன்று அடுக்கு. இரண்டையும் குழப்பக் கூடாது.

கொழுந்துக்கூடை
பகல் 3.04

மேலே சேலை. நடுவில் கம்பளி. கீழே சாக்கு. எண்ணிப் பாருங்கள் ஐயா.

அப்பாயி தைத்தால் கந்தல், நீங்கள் தைத்தால் கலையா? அந்தக் கம்பளி தோட்டத்தில் கொடுத்தது, விலையைச் சம்பளத்தில் பிடித்தார்களாம். மழைக்குக் கொழுந்து எடுக்கும்போது தலையில் போட்டது, நைந்த பிறகுதான் போர்வைக்குள்ளே போகும். ஒரு துண்டும் வீணாகாது. நீங்கள் துண்டு வெட்டுவதற்காகப் புதுத் துணி வாங்குகிறீர்கள்.

மணிக்கூண்டு
பகல் 3.40

சண்டை வேண்டாம். கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி என்ற ஆப்பிரிக்க வம்சாவளி இனப் பெண்கள் கவந்தி என்று ஒரு போர்வை தைக்கிறார்கள். பழைய துணித் துண்டுகள்தான், கையால்தான். அவர்கள் ஓரத்தில் தொடங்கி நடுவுக்குச் சுற்றிச் சுற்றி வருவார்கள், நம் பாடத்துக்கு நேர் எதிர். முடிவில் நாலு மூலையிலும் மடித்த துணியில் முக்கோணம் வைத்துத் தைப்பார்கள். அது இல்லாத போர்வை உடுப்பு இல்லாத போர்வை என்பார்கள். அதைக் கந்தல் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஊசிமுனை
பகல் 3.52

நான் அப்படிச் சொல்லவில்லை. சொன்னதைத் திரிக்கிறீர்கள்.

வல்லைவெளி (யாழ்ப்பாணம்)
பின்னேரம் 4.15

பிள்ளை, மெஷினுக்கு என்ன நடந்தது? இரண்டு மணித்தியாலமாகப் பாட்டிமாரைப் பற்றித்தான் கதை.

மெக்கானிக் மாமா (பண்டாரவளை)
பின்னேரம் 5.30

வேலை முடிந்து இப்போதுதான் பார்த்தேன். மகள், இரண்டு கேள்வி. மிதிக்கப் பாரமாக இருக்கிறதா? எந்த நேரத்தில் தைக்கிறீர்கள்?

நானுஓயாக்காரி
இரவு 8.05

ஆமாம் மாமா, பாரம். அடுக்கு கூடினதால் என்று நினைத்தேன். காலையில் ஐந்தரைக்குத்தான் நேரம், பிள்ளைகள் எழும்புமுன். ஞாயிறு மத்தியானம் ஒரு தடவை ஓட்டினேன், அப்போது கொஞ்சம் பரவாயில்லை.

மெக்கானிக் மாமா
இரவு 8.11

கடைசியாக எண்ணெய் விட்டது எப்போது? என்ன எண்ணெய்?

நானுஓயாக்காரி
இரவு 8.14

நவம்பரில். கீச்சுக் கீச்சென்று சத்தம் கேட்கிறது என்று அம்மா விட்டார். எண்ணெய், எண்ணெய்தான்.

மெக்கானிக் மாமா
இரவு 8.15

குசினியில் இருக்கிறதா?

நானுஓயாக்காரி
இரவு 8.16

ஆமாம். தேங்காய் எண்ணெய். ஏன்?

மெக்கானிக் மாமா
இரவு 8.17

எழும்பிப் போய்ப் போத்தலைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

நானுஓயாக்காரி
இரவு 8.22

வெள்ளையாக உறைந்திருக்கிறது. கரண்டிக் காம்பால்தான் குத்தி எடுக்க வேண்டும். ஐயோ.

மெக்கானிக் மாமா
இரவு 8.40

அதேதான் உங்கள் மெஷினுக்குள்ளேயும். தேங்காய் எண்ணெய் 24 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் கட்டிப்படத் தொடங்கும். உங்கள் ஊரில் டிசெம்பர் விடியற்காலை அதைவிட எவ்வளவோ குளிர்.

நடப்பது இதுதான். பாதத்தைத் தூக்கும்போது டென்ஷன் தட்டு இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்னக் குச்சி தள்ளிக்கொண்டு வந்து தட்டைத் திறக்கும். பாதம் இறங்கினால் அது பின்னால் போக வேண்டும். எண்ணெய் வழிந்து அங்கே போயிருக்கிறது, ஃப்ளீஸ் பஞ்சும் ஒட்டியிருக்கும், குச்சி வந்த இடத்திலேயே நிற்கிறது. தட்டு மூடாது. மேல் நூலை யாரும் பிடிக்கவில்லை, அதனால்தான் அடியில் வளையம். திருகி என்ன பயன்? மத்தியானம் கொஞ்சம் இளகும், ஓடும்.

செய்ய வேண்டியது: நூலையும் ஊசியையும் கழற்றுங்கள். எண்ணெய் விட்ட எல்லா ஓட்டையிலும் இரண்டு துளி மண்ணெண்ணெய். டென்ஷன் தட்டுக்கு நடுவே மண்ணெண்ணெயில் நனைத்த துணி நாடாவை விட்டு இழுங்கள், பாதத்தை இருபது தடவை ஏற்றி இறக்குங்கள். தையல் போடாமல் சும்மா மிதியுங்கள், கறுப்பாக வடியும். துடைத்து ஒரு இரவு விடுங்கள். மறுநாள் தையல் மெஷின் எண்ணெய், ஓட்டைக்கு ஒரு துளி, அதற்கு மேல் வேண்டாம். பட்டியில் படக்கூடாது. அடுப்படியில் செய்யாதீர்கள், விளக்கும் பக்கத்தில் வேண்டாம்.

பாபின் அண்ணா
இரவு 8.52

பாபின் கூட்டையும் கழற்றித் துடைத்துவிடுங்கள். சும்மா சொல்கிறேன்.

வல்லைவெளி
இரவு 9.05

இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் அம்மா நாற்பது வருடம் தேங்காய் எண்ணெய்தான் விட்டவா. ஒரு நாள் மெஷின் நின்றதில்லை.

மெக்கானிக் மாமா
இரவு 9.12

நீங்கள் கடல் மட்டத்தில் இருக்கிறீர்கள் தம்பி. அந்தப் பிள்ளை நானுஓயாவில், மலையில் 5,000 அடிக்கு மேலே. அங்கேயும் அது நாளானால் பிசின் ஆகத்தான் போகும், வெயில் இருக்கிறபடியால் உங்களுக்குத் தெரியவில்லை.

வல்லைவெளி
இரவு 9.20

பிசினும் இல்லை ஒன்றும் இல்லை. அம்மா தைத்த சட்டையைப் போட்டுத்தான் நான் பள்ளிக்கூடம் போனேன்.

ஊசிமுனை
இரவு 9.31

எண்ணெய் விஷயமும் இங்கே பலமுறை பேசியது. தேடியிருந்தால் காலை ஏழு மணிக்கே முடிந்திருக்கும்.

கொழுந்துக்கூடை
இரவு 9.33

நீங்களே தேடி எடுத்துக் கொடுத்திருக்கலாமே ஐயா, காலை ஏழு மணிக்கே.

மழைக்காலம்
டிசெம்பர் 11, காலை 7.15

என்ன ஆயிற்று தங்கச்சி?

நானுஓயாக்காரி
டிசெம்பர் 12, காலை 5.50

ஓடுகிறது. வடிந்த எண்ணெய் தேயிலைச் சாயம் மாதிரி இருந்தது. குச்சி டக்கென்று உள்ளே போகிறது, அந்தச் சத்தத்தை இவ்வளவு நாள் மறந்தே போயிருந்தேன். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை, போத்தலை மட்டும் மெஷின் பக்கம் வராமல் மேல் தட்டில் வைத்துவிட்டேன். ஆகஸ்ட் கட்டத்தை அவிழ்க்கிறேன். எல்லாருக்கும் நன்றி, பிள்ளை எழும்பிவிட்டது.

மணிக்கூண்டு
காலை 9.10

முடிந்ததும் ஒரு படம் போடுங்க. ஆகஸ்டுக்குப் பதிலாக என்ன துணி?

கொழுந்துக்கூடை
டிசெம்பர் 20, பகல் 2.00

படம் எங்கே தங்கச்சி?

வல்லைவெளி
டிசெம்பர் 20, பகல் 2.25

இங்கே இப்போது நல்ல வெயில். போத்தலில் எண்ணெய் தண்ணீர் மாதிரி நிற்கிறது. சொல்ல வந்தது அவ்வளவுதான்.