மறு: "மிகுபகு எண்" வேண்டாமே

வணக்கம் ஐயா,

ஆங்கிலத்தில் highly composite number என்பதற்குக் கலைச்சொல் பட்டியலில் சேர்க்கச் சொன்ன "மிகுபகு எண்" எனக்கு ஒட்டவில்லை. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகள் கொண்ட எண், வரையறை அவ்வளவுதான். 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60 என்று வரிசை போகும். முதல் இரண்டைப் பாருங்கள், 1 பகுவும் இல்லை பகாவும் இல்லை, 2 சுத்தமான பகா எண், இவற்றைப் போய் "மிகுபகு" என்றால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகூட எழுந்து கேட்கும். ஆங்கிலப் பெயரிலும் இதே கோளாறு உண்டு, அதற்காக நாமும் சுமக்க வேண்டுமா?

அப்புறம் அந்த "மிகு". மிகையெண் என்று ஏற்கெனவே வேறொன்று இருக்கிறது, தன்னை விட்டு மற்றக் காரணிகளைக் கூட்டினால் தன்னையே தாண்டுவது. எங்கள் திருப்பாதிரிப்புலியூர் பின்கோடு 607002 அந்த ரகம். பாதி 303501, மூன்றில் ஒன்று 202334, ஆறில் ஒன்று 101167, இந்த மூன்றைக் கூட்டினாலே 607002 வந்துவிடுகிறது, மீதியெல்லாம் உபரி. (மஞ்சக்குப்பம் 607001 பாவம், மிகையெண்கூட இல்லை.) ஆனால் 607002 நாம் பேசும் வரிசையில் சேராது, 5 ஆல் வகுபடவில்லையே. அதிலுள்ள பெரிய பகா எண் ஒன்றை எடுத்துவிட்டு 5 ஐப் போட்டால், காரணிகள் குறையாமல் சின்ன எண் கிடைத்துவிடும்.

ராமானுஜன் 1915 இல் இலண்டன் கணிதக் கழக இதழில் எழுதிய கட்டுரை இவற்றைப் பற்றியதுதான். அவருடைய அட்டவணை 6746328388800 இல் முடிகிறது, காரணிகள் 10080. அதை 23 ஆல் வகுத்தால் 293318625600, அதாவது 29331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. இதில் 2 ஆறு தடவை, 3 நான்கு தடவை, 5 உம் 7 உம் இரண்டிரண்டு, 11, 13, 17, 19 ஒவ்வொரு தடவை. ஒவ்வொன்றிலும் ஒன்று கூட்டிப் பெருக்கினால் 7×5×3×3×2×2×2×2, ஆக 5040 காரணிகள். இதுவும் அதே வரிசைதான், ஆனால் மனுஷன் அட்டவணையில் இதை மட்டும் விட்டுவிட்டார்!

முன்னால் இருப்பதையெல்லாம் விஞ்சுவதால் "காரணி விஞ்செண்", சுருக்கமாக விஞ்செண் என்கிறேன். பகு, மிகு இரண்டும் ஒழிந்தன.

— கடலூரிலிருந்து

> சுருக்கமாக விஞ்செண்

சரி, இது பிடித்திருக்கிறது. ஆனால் 18, 20 இரண்டையும் என்ன செய்வீர்கள் தம்பி? 12 க்கும் ஆறு காரணி, இவற்றுக்கும் ஆறுதான். முன்னால் இருப்பதையெல்லாம் விஞ்சவில்லை, அவற்றில் எதற்கும் தோற்கவும் இல்லை. 3, 8, 10, 30 எல்லாம் இதே கேஸ். இந்த வகையையும் ராமானுஜன் தனியாகப் பார்த்திருக்கிறார், எனவே ஒரு சொல் கட்டாயம் வேண்டும். "தோலா எண்" என்று வைக்கலாம், தோலாத என்றால் தோற்காத என்று தமிழில் பழைய வழக்கே இருக்கிறது. விஞ்செண் எல்லாம் தோலா எண், தோலா எண் எல்லாம் விஞ்செண் அல்ல. "காரணி" என்ற முன்னொட்டு முதல் தடவை மட்டும் வந்தால் போதும். மறுப்பு இருப்பவர்கள் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இரண்டையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

— புதுச்சேரியிலிருந்து