இருமுறை விழுந்தும் ஹன்யுவுக்கு நான்காம் இடம் எப்படி?

கேள்வி:
2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் ஆண்கள் ஃபிகர் ஸ்கேட்டிங் (பனிச்சறுக்கு நடனம்) போட்டியின் இரண்டாம் சுற்றான ஃப்ரீ ஸ்கேட்டிங்கை இப்போதுதான் முழுமையாகப் பார்த்தேன். தொடக்கத்திலேயே இருமுறை விழுந்த ஜப்பான் வீரர் யுசுரு ஹன்யு எவ்வாறு நான்காம் இடம் பெற்றார்?

மறுமொழி 1:
அந்த இரண்டு வீழ்ச்சிகளுக்கும் தலா ஒரு புள்ளி கழிந்து, தாவல்களின் மதிப்பும் குறைந்தது. ஆனால் மற்றத் தாவல்களை அவர் அழகாக முடித்ததால் 188.06 புள்ளிகள் கிடைத்தன. அந்தச் சுற்றில் மட்டும் பார்த்தால் அவருக்கு மூன்றாம் இடம். ஆனால் இரு சுற்றுகளின் புள்ளிகளும் கூட்டப்படும்; முதல் சுற்றான குறுநிகழ்ச்சியில் எட்டாவதாக வந்ததே பதக்கத்தைப் பறித்தது.

மறுமொழி 2:
நான்கு சுழற்சி ஆக்சல் என்ற தாவலை முயன்றபோது நேர்ந்த முதல் வீழ்ச்சியை நான் தோல்வியாகவே எண்ணவில்லை. முன்னோக்கிப் புறப்பட்டுப் பின்னோக்கித் தரையிறங்கும் ஒரே தாவல் ஆக்சல் என்பதால், நான்கு சுழற்சி ஆக்சலுக்குக் காற்றில் நான்கரைச் சுற்று வேண்டும். தங்கம் வென்ற நேத்தன் சென்னும் அதை முயலவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க வீரர் இலியா மாலினின் அதைச் சரியாகத் தரையிறக்கியபோது, எனக்கு முதலில் ஹன்யுதான் நினைவுக்கு வந்தார்.