டெனெரிஃப் வழக்கு: பிங், சிசிடிவி, "தேடிய இடத்திலேயே கிடைத்தது". இந்த யூகங்களில் எது நிற்கும்?

நள்ளிரவு_வாசகன்

2024 ஜூன் 17 காலை, ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில் மாஸ்கா ஊரை ஒட்டிய மலையில் காணாமல் போன 19 வயது இங்கிலாந்து (லங்காஷயர் மாவட்டம்) பையனின் வழக்கைப் பற்றித் தமிழில் ஒரு நீண்ட வீடியோ தயாரிக்கிறேன். தெரியாதவர்களுக்குச் சுருக்கம்: இசை விழாவுக்குப் போனவர், இரவு முடிந்ததும் தெற்குக் கடற்கரையிலிருந்து இரண்டு பேரோடு காரில் ஏறி வடமேற்கு மலையில் இருந்த ஒரு வாடகை வீட்டுக்குப் போனார். காலையில் தனியாக நடந்தே திரும்பக் கிளம்பினார். தோழிக்கு போன் செய்து, வழி தெரியவில்லை, தண்ணீர் வேண்டும், சார்ஜ் 1 சதவீதம்தான் என்றார். 8:50 வாக்கில் போன் அணைந்தது. ஜூலை 15 அன்று ஒரு பள்ளத்தாக்கில் உடல் கிடைத்தது. 2025 ஜூலையில் இங்கிலாந்தில், பிரெஸ்டனில் நடந்த மரண விசாரணை 'விபத்து மரணம்' என்று முடித்தது.

முடிவு வந்த பிறகும் டிக்டாக்கில் கதைகள் நிற்கவில்லை. எனக்குத் தெளிவு வேண்டியவை:

1. பிங் (போன் கடைசியாக டவரைத் தொட்ட பதிவு) வந்த இடம் முதல் நாளே தெரியும் என்றால் ஏன் நான்கு வாரம்?
2. ஏற்கெனவே தேடிய பகுதியில்தான் கிடைத்தார். "பிறகு கொண்டுவந்து போட்டார்கள்" என்பவர்களுக்கு என்ன பதில்?
3. 11 மணி நேரம் நடக்க வேண்டிய தூரம். யார் கிளம்புவார்?
4. பக்கத்து சாண்டியாகோ டெல் டெய்தே ஊர் சிசிடிவி படத்தில் இருப்பது அவர்தானா?
5. அந்த வீட்டில் இருந்த இருவரின் பெயர் இணையம் முழுக்கக் கிடக்கிறது. நானும் சொல்லலாமா?

டவர்_சிக்னல்

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

செய்தி வரைபடத்தில் வரும் சிவப்புப் புள்ளி போன் இருந்த இடம் இல்லை. அது ஒரு பெரிய பரப்புக்குப் பத்திரிகை வைத்த குறி. வழக்கமான டவரில் மூன்று ஆண்டெனாத் தொகுதிகள் இருக்கும், ஒவ்வொன்றும் சுமார் 120 பாகையைப் பார்க்கும். ஆகவே ஒரு பதிவிலிருந்து முதலில் கிடைப்பது "இந்த டவரின் இந்தப் பக்கம்" என்பது மட்டும்தான். சிக்னல் போய்வரும் நேரத்தை வைத்து நெட்வொர்க் தூரத்தையும் கணிக்கும். 2ஜியில் அது சுமார் 550 மீட்டர் படிகளில் வரும், 4ஜியில் சுமார் 78 மீட்டர். இரண்டையும் சேர்த்தால் வரைபடத்தில் வளைந்த பட்டை ஒன்று விழும். டவரிலிருந்து 3 கி.மீ. தள்ளி 120 பாகை என்றால் அந்தப் பட்டையின் நீளமே 6 கி.மீ.க்கு மேல்.

மலையில் இது இன்னும் கெடும். பக்கத்து டவரை ஒரு முகடு மறைத்தால், போன் பள்ளத்துக்கு எதிர்ப்புறம் தூரத்தில் இருக்கும் டவரைப் பிடிக்கும். பாறையில் பட்டுத் திரும்பி வரும் சிக்னல் அதிகத் தூரம் பயணிப்பதால், போன் இருக்கும் தூரத்தைவிடக் கூடுதலாகக் காட்டும். சமவெளியில் பழகியவர்கள் "அருகிலுள்ள டவர்" என்று வட்டம் போடும்போது சறுக்குவது இங்கேதான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை, ஆளும் 8:50க்கு அங்கேயே நின்றுவிட்டார் என்று எடுப்பது. அது போன் அணைந்த நேரம் மட்டும்தான். ஆள் அதற்குப் பிறகும் நடக்கலாம், மணிக்கணக்கில் நடக்கலாம். தேட வேண்டிய பரப்பு அங்கே முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது.

நேரம் பற்றி ஒன்று. டெனெரிஃப் இருக்கும் கனாரித் தீவுகள் ஸ்பெயின் பெருநிலத்தைவிட ஒரு மணி நேரம் பின்னால், பிரிட்டனோடு ஒரே நேரம். "ஸ்பெயின் நேரம்" என்று மாட்ரிட் கடிகாரத்தைப் போட்டவர்களின் காலவரிசையில் எல்லாமே ஒரு மணி நேரம் இடறும், அந்த இடைவெளியில் ஒரு 'மர்மக் கார்' கதையும் முளைக்கும். ஸ்கிரீன்ஷாட்டில் தெரிவது அதை எடுத்த போனின் நேரம். கோடையில் டெனெரிஃபில் காலை 8:50 என்றால் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் மதியம் 1:20. காலவரிசை எழுதும்போது எல்லா நேரத்தையும் டெனெரிஃப் நேரத்துக்கு மாற்றிவிட்டு, மூல நேரத்தைப் பக்கத்துக் கட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மலைத்தடம்

2, 3 இரண்டும் ஒரே விஷயம்தான்.

தேடுதலில் இரண்டு எண்கள் உண்டு. ஆள் இந்தப் பகுதியில் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பது ஒன்று. இருந்தால் நம் கண்ணில் பட எவ்வளவு வாய்ப்பு என்பது இன்னொன்று. இரண்டையும் பெருக்கினால்தான் கண்டுபிடிக்கும் வாய்ப்பு. ஒரு பள்ளத்தில் ஆள் இருக்க 40 சதவீதம் என்று வைப்போம். புதரும் பாறையுமாக இருப்பதால், தேடினால் கண்ணில் பட 50 சதவீதம். தேடிவிட்டீர்கள், கிடைக்கவில்லை. அந்தப் பகுதியின் வாய்ப்பு பூஜ்ஜியமாகாது, 25 சதவீதத்தில் நிற்கும். மறுபடி அதே தரத்தில் தேடியும் இல்லையென்றால் சுமார் 14. அதாவது இரண்டு முறை சலித்த பிறகும் அவர் அங்கேயே இருக்க ஏழில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. "தேடிய இடத்தில் கிடைத்தது" என்பது சந்தேகத்துக்குரிய செய்தியே இல்லை, தேடுதல் வேலையில் அடிக்கடி நடப்பது. அதனால்தான் ஒரே பகுதியை வேறு திசையிலிருந்து, வேறு வெளிச்சத்தில், வேறு குழுவைக் கொண்டு திரும்பத் தேடுகிறார்கள்.

இந்த இடத்துக்கு அந்த 50 சதவீதமே தாராளம். மாஸ்கா இருக்கும் டெனோ மலை பழைய எரிமலைப் பாறை. குறுகிய, செங்குத்தான ஓடைப் பள்ளங்கள், இடையிடையே நீர் வற்றிய அருவிப் படிகள், கள்ளியும் முட்புதரும். ஹெலிகாப்டரும் டிரோனும் பெரும்பாலும் மேலிருந்தே பார்ப்பவை. குடைந்து நிற்கும் பாறைக்கு அடியில் இருப்பது தெரியாது. வெயில் ஏறியதும் பள்ளத்துக் காற்று மேலே கிளம்புவதால் நாய்க்கு வாசம் ஒரு இடத்தில் வரும், ஆள் இன்னொரு இடத்தில் இருப்பார்.

உடல் கிடைத்தது ஹுவான் லோபெஸ் பள்ளத்தில். கண்டெடுத்தது ஸ்பெயின் சிவில் காவல்படையின் மலை மீட்புக் குழு. ஜூன் 30ல் முடித்ததாக அறிவித்தது ஆட்களைத் திரட்டிச் செய்த பெரும் தேடலைத்தான். சிறு குழுக்கள் தொடர்ந்து இறங்கிக்கொண்டிருந்தன. "கைவிட்டவர்கள் திடீரென்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்" என்ற கேள்விக்கு அவ்வளவுதான் பதில்.

நடை விஷயம். 11 மணி நேரம் என்பது சாலையைப் பிடித்துப் போவதற்கான கணக்கு. மலை நடைக்குப் பழைய விதி ஒன்று இருக்கிறது: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். அதுவும் தூங்கி எழுந்து, தண்ணீரோடு, நல்ல பாதையில் போகிற ஆளுக்கு. இரவு முழுக்க விழித்தவர் காலையில் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்பியிருப்பார் என்று எதிர்பார்ப்பதே தவறு.

பள்ளத்தில் இறங்குவது எப்படி நடக்கிறது என்றும் சொல்ல வேண்டும். மேலிருந்து பார்த்தால் கடல் தெரியும், ஓடை நேராகக் கடலுக்குப் போகும், சாலை வளைந்து வளைந்து எதிர்த்திசையில் ஏறும். குறுக்கு வழி என்று தோன்றும். முதல் பாறைப்படி ஒன்றரை மீட்டர் இருக்கும், சறுக்கி இறங்கிவிடலாம். திரும்ப ஏறுவது கடினம், ஆகவே அடுத்த படிக்கும் இறங்கத்தான் தோன்றும். இப்படியே இறங்க முடியாத ஒரு விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தும். இது எல்லா வறண்ட ஓடைப் பள்ளங்களுக்கும் பொது. இந்தப் பையன் எந்த வழியில் இறங்கினார் என்று கோடு போட்டு அனிமேஷன் செய்யாதீர்கள். விசாரணையில் நிலைநாட்டப்பட்டது உயரத்திலிருந்து விழுந்து தலையில் ஏற்பட்ட காயம். தாக்கப்பட்டதற்கோ பிடித்து வைக்கப்பட்டதற்கோ தடயம் இல்லை. அதோடு நில்லுங்கள்.

கேள்விக்குறி

எல்லோரும் சேர்ந்து அமெச்சூர்களைக் கழுவி ஊற்றுகிறீர்கள். 2022ல் கலிஃபோர்னியாவின் டிரக்கி பக்கம் காணாமல் போன 16 வயதுப் பெண்ணைக் கண்டுபிடித்தது யார்? போலீஸ் இரண்டு வாரம் தேடியும் முடியாததைத் தன்னார்வலர்கள் வந்து செய்தார்களே?

மலைத்தடம்

செய்தார்கள், மறுக்கவில்லை. ஆகஸ்ட் 6ல் காணாமல் போனவர், ஆகஸ்ட் 21ல் பிராசர் ஓடை நீர்த்தேக்கத்தில், சுமார் 14 அடித் தண்ணீருக்குள் கவிழ்ந்து கிடந்த காரில் கிடைத்தார். வந்தவர்கள் நீரில் மூழ்கிய கார்களைத் தேடுவதையே வேலையாக வைத்திருக்கும் முக்குளிப்போர். சோனார் (ஒலியால் நீருக்கடியில் தேடும் கருவி), படகு, இழுவைக் கருவி எல்லாம் கையில். "இந்த நீர்நிலையில் கார் இருக்கிறதா" என்ற ஒரே கேள்வியை எடுத்தார்கள். ஆம், இல்லை என்று அன்றே தெரிந்துவிடும் கேள்வி. ஆளும் காரும் சேர்ந்து காணவில்லை, பக்கத்தில் தண்ணீர் என்றால் முதலில் தண்ணீரைப் பார் என்பது அந்த வேலையின் பாலபாடம். அதே இரண்டு வாரமும் "கடத்திவிட்டார்கள்" என்று எழுதியவர்கள் யாரும் அந்தக் காரை ஒரு அடி நகர்த்தவில்லை. கவனியுங்கள், அந்த நீர்த்தேக்கத்தையும் அதற்கு முன்பே அதிகாரிகள் தேடியிருந்தார்கள். மேலே போட்ட கணக்கு அங்கும் பொருந்தும்.

பிழைதிருத்தி

4, 5.

சிசிடிவி படம்: சாண்டியாகோ டெல் டெய்தேயில் எடுத்ததாகச் சுற்றிய மங்கலான உருவம். குடும்பமே ஒருவேளை அவராக இருக்கலாம் என்று நினைத்தது, அதனால் அதைப் பகிர்ந்தவர்களைப் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. கெட்டது அதற்கடுத்த கட்டம். ஏஐ செயலியில் போட்டுத் 'தெளிவாக்கி', முகத்தை வரவழைத்தார்கள். நாற்பது பிக்சல் உயர உருவத்தில் முகத்துக்கு ஐந்தாறு பிக்சல்தான் மிஞ்சும். செயலி காட்டும் மூக்கும் கண்ணும் அதன் கற்பனை, கேமரா பார்த்தவை இல்லை. அந்த மாதிரிப் படத்தை வீடியோவில் "இது தவறு" என்று சொல்லிக்கூடக் காட்டாதீர்கள், யாராவது அந்த மூன்று நொடியை மட்டும் வெட்டிக்கொண்டு போவார்கள்.

எந்தப் படத்துக்கும் குறைந்தபட்சச் சோதனை: கூகுள் லென்ஸ், யாண்டெக்ஸ் இரண்டின் படத் தேடலிலும் போடுங்கள். டின்ஐ என்ற படத் தேடல் தளத்தில் 'மிகப் பழையது முதலில்' என்று வரிசைப்படுத்துங்கள். காணாமல் போன தேதிக்கு முன்பே இணையத்தில் இருந்தால் கதை முடிந்தது. வாட்ஸ்அப், ஃபேஸ்புக் வழியாக வந்த படத்தில் எடுத்த இடம், நேரத் தகவல் இருக்காது, அவை அழித்துவிடும். ஆகவே "மெட்டாடேட்டாவை நீக்கியிருக்கிறார்கள், ஏதோ மறைக்கிறார்கள்" என்ற வாதத்துக்கு அர்த்தமே இல்லை. கடை சிசிடிவி கடிகாரங்கள் சில நிமிடங்கள் முன்பின் ஓடுவது சாதாரணம், நேரம் தெரிந்த இன்னொரு நிகழ்வோடு ஒப்பிடாமல் நிமிடக் கணக்கு பேசக்கூடாது.

பெயர்: சொல்லாதீர்கள். ஸ்பெயின் காவல்துறை இருவரையும் விசாரித்து, வழக்குக்குச் சம்பந்தமில்லை என்று விலக்கியது. ஒருவருடைய பழைய வழக்கைத் தோண்டியெடுத்து, "அப்படியென்றால் இதையும் செய்திருப்பார்" என்பதுதான் இந்த வழக்கின் இணைய யூகத்தில் பாதி. இங்கிலாந்தின் மரண விசாரணை யாரையும் குற்றவாளியாக்கும் மன்றம் இல்லை என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். இறந்தது யார், எப்போது, எங்கே, எப்படி என்ற நான்கும்தான் அதன் வேலை. இல்லாவிட்டால் "யாரையும் தண்டிக்காமல் விட்டுவிட்டார்கள்" என்று கமெண்டில் ஆரம்பிப்பார்கள்.

பெயர் சொல்வதன் விலைக்கு உதாரணம் 2013 பாஸ்டன். மாரத்தான் குண்டுவெடிப்பு நேரத்தில், அதற்கு ஒரு மாதம் முன்பே காணாமல் போயிருந்த பிரவுன் பல்கலைக்கழக மாணவர் ஒருவரைச் சந்தேக நபர் என்று ரெடிட்டில் பலர் எழுதினார்கள். அவரைத் தேடக் குடும்பம் நடத்திய ஃபேஸ்புக் பக்கத்தில் வசை குவிந்தது. ரெடிட் மன்னிப்புக் கேட்டதற்கு மறுநாள் அவர் உடல் பிராவிடன்ஸ் நகரில் ஆற்றில் கிடைத்தது. குண்டு வெடித்தபோது அவர் உயிரோடே இல்லை.

லங்காஷயருக்கு இது இரண்டாவது முறை. 2023 தொடக்கத்தில் வையர் ஆற்றங்கரையில் ஒரு தாய் காணாமல் போனபோதும் இதே திருவிழாதான். ஊருக்குள் நுழைந்து வீடியோ எடுத்தவர்களைக் கலைந்துபோகச் சொல்லிப் போலீஸ் உத்தரவு போட்டது. அங்கும் முடிவு விபத்து, நீரில் மூழ்கல். பிறகு நடந்த மறுஆய்வு போலீஸையும் விடவில்லை: பத்திரிகையாளர்களுக்குப் பின்னணி விளக்கம் தராததால் வெற்றிடம் உண்டாகி, அதில் யூகம் நிரம்பியது என்றது. உங்கள் வீடியோவில் இதையும் சேருங்கள், டிக்டாக்கர்களை மட்டும் திட்டினால் பாதிக் கதை.

ஒப்பீட்டுக்கு இந்திய வழக்கு எதையாவது தொடுவதாக இருந்தால், 18 வயதுக்குக் கீழ் என்றால் சிறார் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவைப் பாருங்கள். பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 2 லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முகத்தை மங்கலாக்கிவிட்டுப் பள்ளிச் சீருடையைக் காட்டுவதும் அடையாளம் காட்டுவதுதான்.

நள்ளிரவு_வாசகன்

நன்றி. அனிமேஷன் திட்டத்தைத் தூக்கிவிட்டேன், பெயர்களும் இல்லை. ஆனால் நான் சொல்லாவிட்டாலும் கமெண்டில் எழுதுவார்களே? அப்புறம், யாராவது உண்மையிலேயே ஏதாவது தெரியும் என்று எனக்கு எழுதினால்?

பிழைதிருத்தி

யூடியூப் ஸ்டுடியோவில் அமைப்புகளுக்குள் கமெண்ட் மட்டுறுத்தல் பகுதியில் 'தடுக்கப்பட்ட சொற்கள்' பட்டியல் இருக்கிறது. அந்த இரண்டு பெயர்களையும் ஆங்கிலத்திலும் தமிழிலும், மக்கள் தப்பாக எழுதும் மூன்று நான்கு எழுத்துக்கூட்டல்களோடும் வீடியோ ஏறுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். அவை உள்ள கமெண்ட்டுகள் உங்கள் பார்வைக்கு நிற்கும், வெளியே வராது. லிங்க் உள்ளவற்றையும் நிறுத்தி வைக்கும் பொத்தான் அங்கேயே உண்டு.

தகவல் வந்தால் நீங்கள் விசாரிக்க வேண்டாம், யாருக்கும் ஃபார்வர்டும் வேண்டாம். அனுப்பியவரையே நேரடியாகக் காவல்துறைக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஸ்பெயினுக்குள் இருப்பவர் என்றால் சிவில் காவல்படை 062. பிரிட்டனில் காணாமல் போனோருக்கான தொண்டு நிறுவன எண் 116 000. படமோ வீடியோவோ இருந்தால் மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில்தான் அனுப்ப முடியும் என்றால் படமாக அனுப்பாமல் 'டாக்குமெண்ட்' என்று இணைத்தால் கோப்பு சுருங்காது.

டவர்_சிக்னல்

தகவல் தருகிறவர் நேரம் எழுதும்போது எந்த ஊர் நேரம் என்றும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.